கார்டு மோசடியும் கைப்பொருள் காவலும்



நம் முன்னோர்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடை வைத்து நடத்திய காலத்தில், பணத்துக்குக் காவல் என்பது கண்ணால் காணக்கூடிய காரியமாக இருந்தது. இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணி, நாள்வழியில் பதிந்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டால் நிம்மதியாக உறங்கலாம். திருடன் வருவதானால் கதவை உடைத்துக்கொண்டுதான் வரவேண்டும். இன்றோ நம் பணத்தில் பெரும்பகுதி கல்லாவில் இல்லை, பாங்கியில் இருக்கிறது. அதன் சாவி ஒரு சிறு பிளாஸ்டிக் கார்டாகவும், கைப்பேசியில் வந்து விழும் ஆறு எண்களாகவும் மாறிவிட்டது. இக்காலத் திருடன் கதவை உடைப்பதில்லை. நம்மிடமே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

அவன் எவ்வாறு கேட்கிறான், நாம் ஏன் கொடுத்துவிடுகிறோம், கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று எவரேனும் கேட்டால், நானும் ஏமாந்தவன் என்பதே என் தகுதி.

எனக்கு நேர்ந்தது

2022-ஆம் ஆண்டு நோன்பு மாதம். பெருநாளுக்குத் துணி வந்து இறங்கும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பார்சல் ஒன்று தங்கியிருப்பதாகவும், 2 வெள்ளி கட்டணம் செலுத்தினால் மறுநாள் வந்து சேரும் என்றும் அதில் எழுதியிருந்தது. நானும் ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 2 வெள்ளிதானே என்று இணைப்பைத் தட்டி, கார்டு எண்ணையும், பின்புறமுள்ள மூன்று இலக்கத்தையும் பதிந்தேன். உடனே 'டேக்' எண் வந்தது. அதையும் பதிந்தேன். எண் தவறு, இன்னொன்று வரும் என்று காட்டியது. இரண்டாவதும் வந்தது, அதையும் கொடுத்தேன்.

முதல் எண்ணுக்கு 3,800 வெள்ளி, இரண்டாவது எண்ணுக்கு 4,600 வெள்ளி. மொத்தம் 8,400 வெள்ளி, அயல்நாட்டு இணையக் கடை ஒன்றில் சாமான் வாங்கியதாகப் போய்விட்டது. வேதனை என்னவென்றால், அந்த எண்ணைக் கொண்டுவந்த செய்தியிலேயே தொகை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அவசரத்தில் நான் ஆறு எண்களை மட்டும் பார்த்தேன். அதற்கு முன்னிருந்த வரியைப் படிக்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு அதற்குப் பிறகு செய்தேன். நாற்பது வருடம் கடை நடத்தியவன் 2 வெள்ளிக்கு ஏமாந்தான் என்று நாலு பேர் சொல்வார்களே என வெட்கப்பட்டு, சனியும் ஞாயிறும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை கணக்கைப் பார்த்த என் தங்கை மகன்தான், "மாமு, இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? முதலில் பாங்கிக்கு போன் போடுங்க" என்றான். காலம் கடந்துவிட்டது. கைப்பேசிக்கு வந்த எண்ணை நானே கொடுத்ததால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று பாங்கியில் சொல்லிவிட்டார்கள். சரக்குக் கொடுத்தவரிடம் தவணை கேட்டு நின்றேன். வாக்குத் தவறாத கடை என்று பெயர் எடுத்தவனுக்கு அது எவ்வளவு கசப்பு என்பதை வியாபாரிகளாகிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கார்டில் என்ன இருக்கிறது?

எதைக் காக்கவேண்டும் என்று தெரிந்தால்தான் காக்க முடியும். பழைய கார்டுகளில் கணக்கு விவரம் முழுவதும் பின்புறமுள்ள கறுப்புக் காந்தப் பட்டையில் இருந்தது. ஒரு சிறு கருவியில் இழுத்தால் போதும், விவரத்தைப் பிரதி எடுத்துப் போலிக் கார்டு செய்துவிடலாம். மலேசியாவில் இத்தகைய போலிக் கார்டுத் தொல்லை பெருகியதால்தான் 2005-ஆம் ஆண்டுக்குள் கிரெடிட் கார்டுகள் 'சிப்' பதித்த கார்டுகளாக மாற்றப்பட்டன. சிப் ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய இரகசியக் குறி ஒன்றை உண்டாக்குவதால், ஒருமுறை எடுத்த பிரதி மறுமுறை உதவாது. பிறகு 2017-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்கப் 'பின்' எண் வந்தது.

இவ்விரண்டும் கடையில் நடக்கும் போலிக் கார்டு மோசடியைப் பெரிதும் அடைத்துவிட்டன. ஆனால் வாசலை அடைத்தால் திருடன் ஜன்னலைத் தேடுவான் அல்லவா? இணையத்தில் சாமான் வாங்கச் சிப்பும் வேண்டாம், கார்டும் வேண்டாம். கார்டு எண், முடியும் மாதம், பின்புற மூன்று இலக்கம், அத்துடன் கைப்பேசிக்கு வரும் எண் ஆகிய இவை போதும். ஆகவே மோசடிக்காரன் கார்டைத் திருடுவதை விட்டு, கார்டுக்காரரை ஏமாற்றும் தொழிலுக்கு மாறிவிட்டான்.

அவன் வரும் வழிகள்

முதல் வழி, எனக்கு வந்தது போன்ற இணைப்புச் செய்தி. பார்சல், மின்கட்டணம், அபராதம், பரிசு என்று பெயர் மாறும்; காரியம் ஒன்றே.

இரண்டாவது, உத்தியோகஸ்தர் வேஷத்தில் வரும் தொலைபேசி. போலீஸ், நீதிமன்றம், வருமான வரி, பேங்க் நெகாரா என்று சொல்லி, உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிறது, பணத்தைப் 'பாதுகாப்புக் கணக்குக்கு' மாற்றுங்கள் என்று மிரட்டுவான். இந்நாட்டில் இதற்கு 'மக்காவ் ஸ்கேம்' என்று பெயர். பேங்க் நெகாரா பொதுமக்களுக்குக் கணக்கு நடத்துவதே இல்லை. ஆகவே அதன் பெயரில் பாதுகாப்புக் கணக்கு என்று எவன் சொன்னாலும் அது பொய்.

மூன்றாவது, செயலி. வீடு சுத்தம் செய்ய ஆள், மலிவு விலைச் சாமான் என்று விளம்பரம் செய்து, 'ஏ.பி.கே.' என்ற கோப்பை அனுப்பிக் கைப்பேசியில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றிவிட்டால் கைப்பேசிக்கு வரும் செய்திகளை அவன் அங்கிருந்தே படிப்பான்.

நான்காவது, தொலைந்த கார்டு. 250 வெள்ளி வரையில் பின் எண் இல்லாமல் கார்டைக் காட்டியே வாங்கிவிடலாம் என்பதால், கீழே விழுந்த கார்டு எடுத்தவன் கைக்கு ஓரளவு ரொக்கம் போன்றதே.

கடைக்காரரைத் தேடி வரும் மோசடி

கார்டு வைத்திருப்பவர் மட்டுமல்ல, கார்டு வாங்கும் கடைக்காரரும் இலக்குதான்.

முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் பெரிய ஆர்டர் கொடுத்து, கார்டு எண்ணை வாயால் சொல்லிப் பணம் எடுத்துக்கொள்ளச் சொல்வார். பணமும் வந்துவிடும், சரக்கும் போய்விடும். சில வாரம் கழித்து உண்மையான கார்டுக்காரர், இது நான் வாங்கியதல்ல என்று தம் பாங்கியில் முறையிடுவார். அப்போது பாங்கி நம் கணக்கிலிருந்து தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று.

இன்னொருவர் கேட்டதற்கு மேல் காசோலை போட்டுவிட்டு, தவறிப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பார். காசோலை உண்மையில் மாறுமுன் அனுப்பினால், அனுப்பியது நம் சொந்தப் பணம்.

கல்லாவில் ஒட்டியிருக்கும் 'டூயிட்நவ்' கியூ.ஆர். கட்டத்தின் மேல் வேறொரு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போவாரும் உண்டு. வாடிக்கையாளர் செலுத்துவது அவன் கணக்குக்குப் போகும். பணம் அனுப்பிவிட்டதாகத் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிச் சரக்கைத் தூக்கிச் செல்வாரும் உண்டு. வாடிக்கையாளர் கைப்பேசியில் தெரிவது ரசீதாகாது. நம் கணக்கில் விழுந்ததே பணம்.

செய்யவேண்டியவை

1. கார்டில் இணைந்த கணக்கில் கைச்செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் வையுங்கள். சரக்கு முதல், சம்பளம், வாடகை ஆகியவை கார்டே இல்லாத வேறு கணக்கில் இருக்கட்டும். நான் இதைச் செய்திருந்தால் என் நஷ்டம் சில நூறு வெள்ளியோடு நின்றிருக்கும்.

2. அயல்நாட்டுச் செலவையும் இணையச் செலவையும் கார்டில் அடைத்து வைக்கலாம். ஊருக்குப் போகும்போது திறந்து, திரும்பியதும் மூடிவிடுங்கள். தினசரி வரம்பையும் குறைத்து வையுங்கள்.

3. எண்ணுக்கு முன் தொகையைப் படியுங்கள். குறுஞ்செய்தி எண்ணை விட்டுச் செயலியிலேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா பாங்கிகளைப் பணித்தது. முறை மாறினாலும் பாடம் மாறவில்லை. எவ்வளவு, யாருக்கு என்று படித்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

4. செய்தியில் வந்த இணைப்பின் வழியாகப் பாங்கிக்குள் போகாதீர்கள். பேச வேண்டுமானால் கார்டின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

5. புதிய ஆளுக்குப் பணம் அனுப்புமுன், அவருடைய கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸாரின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கே புகார் இல்லை என்பதால் மட்டும் நல்லவர் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

6. காலையில் கடை திறந்ததும் கியூ.ஆர். கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் நாள்வழியையும் பாங்கிக் கணக்கையும் ஒப்பிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

வெட்கத்தை ஒதுக்கி வைத்து, அந்த நிமிடமே பாங்கியின் மோசடிப் பிரிவுக்கோ, 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள். 997 என்பது 2022 அக்டோபரில் நிறுவப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையம். போலீஸும், பேங்க் நெகாராவும், தொலைத்தொடர்பு ஆணையமும் சேர்ந்து நடத்துவது. திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கணக்குக்குக் கணக்கு தாவிக்கொண்டே போகும். அது இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் இருக்கும்போதே முடக்குவதுதான் அம்மையத்தின் வேலை. ஆகவே ஒரு மணி நேரத் தாமதமும் திருடனுக்குச் செய்யும் உதவியாகும். நான் ஏமாந்த நோன்பு மாதத்தில் 997 இல்லை. இன்று இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

பல பாங்கிகளின் செயலியில், கணக்கு முழுவதையும் நாமே முடக்கும் பொத்தானும் உண்டு. அதை அழுத்திவிட்டு, போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். செய்தி, தொலைபேசி எண், நேரம் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கார்டு தொலைந்ததை உடனே அறிவித்து, பின் எண்ணை எவருக்கும் சொல்லாமலும் கார்டோடு எழுதி வைக்காமலும் இருந்தவர்க்கும், தாமதித்தவர்க்கும் பாங்கியின் விதிகளில் பெரிய வேறுபாடு உண்டு. பாங்கியின் இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். இது 2025 ஜனவரி 1 முதல் இயங்கி வருகிறது. முறையிடக் கட்டணம் இல்லை.

கணக்கை இரவல் கொடுக்காதீர்

ஒரு விஷயம் பாக்கி. இத்தனை திருட்டுப் பணமும் யார் கணக்குக்குப் போகிறது? திருடன் தன் பெயரில் கணக்கு வைப்பதில்லை. ஐந்நூறு, ஆயிரம் வெள்ளிக்கு ஆசைப்பட்டுக் கார்டையும் பின் எண்ணையும் இரவல் கொடுப்பவர்களின் கணக்கில்தான் அது இறங்குகிறது. மலாயில் இதை 'கெல்டாய்' கணக்கு என்பார்கள். சுமந்து போகும் கழுதை என்று பொருள். கணக்கைக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. இதற்கென்றே 2024-ஆம் ஆண்டில் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. நம் கடைப் பையன்களில் பலர் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், விவரம் அறியாதவர்கள். அவர்களைப் பெற்றோர் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார்கள். கார்டை எவருக்கும் கொடுக்காதே தம்பி என்று சொல்லிவைப்பது முதலாளிமார்களின் கடமை.

இன்றிரவு செய்யவேண்டியது

படித்து மடித்து வைத்துவிட்டால் பாடம் முடியாது. இன்றிரவு கடை அடைக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். கார்டின் வரம்பைக் குறையுங்கள். சரக்கு முதலை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பாங்கியின் மோசடிப் பிரிவு எண்ணையும் 997-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவின் உட்புறம் ஒட்டுங்கள்.

என் கல்லாவில் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே 8,400 என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பையன்கள் கேட்டால் மறைக்காமல் கதையைச் சொல்லுகிறேன். உங்களில் எவரேனும் ஏமாந்திருந்தால் நீங்களும் சொல்லுங்கள். ஒருவர் வெட்கத்தை விட்டுச் சொன்னால் பத்துப் பேர் முதல் காக்கப்படும்.

வஸ்ஸலாம்.