பழைய வானொலித் தட்டுகளுக்கேற்ற சுழல்மேடை

காந்த நாடா பரவுவதற்கு முன்னர், 1930-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வானொலி நிலையங்கள் பலவும் தம் நிகழ்ச்சிகளை லாக்கர் தட்டுகளில் பதிவு செய்துவந்தன. அலுமினியத் தகட்டின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசி இவற்றைச் செய்தனர். இரண்டாம் உலகப்போரில் அலுமினியம் அரிதாகவே, கண்ணாடியும் தகடாயிற்று. கடையில் விற்ற இசைத்தட்டு அச்சிடப்பட்டுப் பல படிகளாக வெளிவந்தது. லாக்கர் தட்டுக்கோ பெரும்பாலும் இரண்டாம் படி கிடையாது. முள் ஓடுந்தோறும் பூச்சு தேய்கின்றது. ஆகவே, முதன்முறை ஓட்டும்போதே ஒலி கணிப்பொறியில் பதிவாகுமாறு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும்.

சுழல்மேடை வாங்கப் புறப்படுமுன் தட்டை அளந்து பார்க்க. வீட்டுக் கருவிகள் 12 அங்குலத் தட்டுக்கென அமைந்தவை. வானொலித் தட்டுகளிற் பல 16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 40 செ.மீ. இவற்றிற்கு நீண்ட கையுடைய தனிக் கருவி வேண்டும். இங்குச் சிக்கனம் பார்க்க இயலாது. கையிலுள்ளவை 10, 12 அங்குலத் தட்டுகளே எனின் செலவு பெரிதும் குறையும். 33⅓, 78 ஆகிய இரு வேகங்களும், வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்கும் வசதியும், கழற்றி மாற்றத்தக்க முள்தலையும் இருந்தாற் போதும். ஆடியோ-டெக்னிகாவின் எல்.பி.120 இத்தகையது. தானே எழுந்து திரும்பும் கை வேண்டா. வானொலித் தட்டுகளிற் சில உட்புறத்தே தொடங்கி விளிம்பில் முடிபவை; அத்தகைய கையோ, உள்வரியில் வைத்தவுடனே நிகழ்ச்சி முடிந்ததென்று எழுந்துவிடும்! முள்ளின் பாரத்தைத் திருத்த இயலாத மலிவான பெட்டிக் கருவிகளை அறவே விலக்குக.

மிச்சப்பட்ட பணத்தை முள்ளுக்குச் செலவிடுக. நெடுநேர இசைத்தட்டின் முள்முனை சுமார் 18 மைக்ரான் ஆரமுடையது. பழைய அகன்ற வரிக்கு 50 முதல் 75 மைக்ரான் வரை தேவைப்படும். மெல்லிய முள் வரியின் அடியில் இறங்கிப் புழுதியைத்தான் படிக்கும். ஒலி இருப்பது பக்கச் சுவர்களில்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜையே பொருத்தி, இரு தடங்களையும் தனித்தனியே பதிவு செய்க. வரி பக்கவாட்டில் வெட்டப்பட்டதாயின் இரண்டையும் பின்னர்க் கூட்டலாம். மேல்கீழாக வெட்டப்பட்டதாயின் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம். நொடிக்கு 96,000 மாதிரிகள், 24 பிட் என்பது தக்க அளவு. மூலக் கோப்பில் இரைச்சலை நீக்க முற்படலாகாது. அதனைப் படியில் செய்க.

தட்டைச் சாராயங் கலந்த நீர்மத்தால் துடைத்தலாகாது, பூச்சு கரைந்துவிடும். பூச்சு வெடித்து உரியத் தொடங்கிய தட்டை எந்தச் சுழல்மேடையிலும் ஏற்றாமல் தனியே வைக்க. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான ஐரீன் என்னும் முறை, முள் படாமலே வரியைப் படமெடுத்து ஒலியாக மாற்றுகின்றது.