மண்பாதை மோட்டார் சைக்கிளின் சஸ்பென்ஷனைச் செப்பம் செய்யும் முறை

மேடும் பள்ளமும் கல்லும் நிறைந்த பாதையில் ஓட்டுவதற்கென்று மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களிற் பலர், வண்டி உதறுகிறது என்று கண்ட மாத்திரத்தில் திருப்புளியை எடுத்து, ஃபோர்க்கின் தலையிலுள்ள திருகை ஒருபுறம் சுற்றிப் பார்த்து, குணம் காணாமல் மறுபுறமும் சுற்றி, கடைசியில் தொழிற்சாலை வைத்தனுப்பிய அளவு இன்னதென்பதே தெரியாத நிலையில் மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கி எவ்வளவு வேகமாக எழவேண்டும் என்று தீர்மானிப்பது, நுண்ணிய துவாரங்களின் வழியே எண்ணெயைப் புகவிடும் டாம்பிங் அமைப்பு. திருகுகள் பெரும்பாலும் இரண்டாவதைச் சேர்ந்தவை. முதலாவது ஒழுங்காகாமல் இரண்டாவதைத் தொடுவது வீண் பிரயாசை.

ஆகவே முதலில் வேண்டிய உபகரணம் திருப்புளி அன்று, அளவு நாடா. வண்டியைக் கழுவி, டயர்க் காற்றையும் செயினின் தளர்ச்சியையும் சரிபார்த்தபின், முன்சக்கரம் தரையைத் தொடாதவாறு ஸ்டாண்டில் ஏற்றி, ஃபோர்க்கின் மூடியில் காற்றுப் போக்கும் சிறு திருகு இருந்தால் அதைச் சற்றே தளர்த்தி, உள்ளே சேர்ந்துள்ள காற்றை வெளியேற்றிவிட வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தாலேயே பாரம் தாங்கும் ஃபோர்க்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் அழுத்தத்தைத் திறந்துவிட்டால் வண்டி முன்புறம் குப்புற அமிழ்ந்துவிடும்.

இனிப் பின்புறத்துக்கு வருவோம். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க, அதன் ஆக்சிலின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி இட்டு, இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, இருக்கையை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, ஆள் ஏறாமல் அளக்க வேண்டும். 565 வந்தால், வண்டி தன் சொந்தப் பாரத்தால் 35 அமிழ்ந்திருக்கிறது. மூன்றாவதாக, பூட்ஸ், ஹெல்மெட், தண்ணீர்ப் பை முதலான சகல சாமான்களோடும் ஓட்டுபவர் ஏறி, இரு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி வழக்கமான இடத்தில் அமர, ஒருவர் முன்னே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். தனியாளாகக் காலைத் தரையில் ஊன்றி எடுக்கும் அளவு பிரயோஜனப்படாது.

சக்கரம் மேலும் கீழும் செல்லும் பயண தூரம் சுமார் 300 மில்லிமீட்டராக உள்ள மோட்டோகிராஸ் வண்டிக்கு இந்த மூன்றாவது அளவில், முதல் அளவிலிருந்து 100 முதல் 105 வரை அமிழ்வது நலம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோவைப் போலப் பின்புறம் 220 மில்லிமீட்டரே உள்ள வண்டியில் அது 70-ஐ ஒட்டி வரும். அமிழ்வு கூடுதலாயின், சக்கரத்தை மறுபடி தூக்கி நிறுத்தி, ஷாக்கின் மரையில் படிந்த மண்ணைத் துடைத்து, மேலுள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கீழ் வளையத்தை ஸ்பிரிங் இறுகும்படி ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் இறக்கி அளக்க வேண்டும், குறைவாயின் எதிர்ப்புறம். இதுவே பிரீலோட் எனப்படுவது.

இங்கேதான் அநேகர் திருப்தியடைந்து எழுந்துவிடுகிறார்கள். எனக்கோ விஷயத்தின் சாரமே இதன் பிறகுதான் என்று தோன்றுகிறது. ஆளோடு 105 சரியாக நின்றபின், ஆளில்லாத அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். அது 30 முதல் 40-க்குள் இருந்தால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றது. வண்டி தன் பாரத்தால் 20 கூட அமிழவில்லை என்றால், ஸ்பிரிங் கடினமானது என்று முடிவு கட்டத் தோன்றும். உண்மை அதற்கு நேர் விரோதம். மெல்லிய ஸ்பிரிங்கின்மேல் கனத்த மனிதர் ஏறியதால், 105-ஐ எட்டுவதற்காக அதை முன்கூட்டியே அளவுக்கு மிஞ்சி இறுக்க நேர்ந்தது. இறுகிய ஸ்பிரிங்கை வண்டியின் சொந்தப் பாரம் அசைக்க இயலவில்லை. அவருக்கு வேண்டியது கடினமான ஸ்பிரிங். அவ்வாறே, 50-க்கு மேல் தானாக அமிழும் வண்டியில் உள்ளது ஓட்டுபவருக்கு மிகக் கடினமான ஸ்பிரிங். இவ்விரண்டையும் திருகினால் தீர்க்க முடியாது. ஸ்பிரிங்கை மாற்றியே ஆகவேண்டும்.

ஃபோர்க்கையும் இவ்வாறே அளக்கலாம். ஆனால் அதன் குழாய்களில் உராய்வு அதிகமாதலால், ஒருமுறை அமுக்கிவிட்டும் ஒருமுறை தூக்கிவிட்டும் எடுத்த இரு அளவுகளின் சராசரியைக் கொள்வது உசிதம்.

இப்போது திருகுகளைத் தொடலாம். ஒவ்வொன்றையும் வலப்புறமாக மெல்லத் திருகி, முட்டும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்து, அதே எண்ணிக்கைக்குத் திருப்பிக் கொணருங்கள்; முட்டியபின் பலவந்தமாகத் திருகினால் உள்ளே ஊசிமுனை கெட்டுவிடும். எண்ணெய் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, ஒரே பாதைத் துண்டில், ஒருமுறைக்கு ஒரே திருகை இரண்டு கிளிக் வீதம் மாற்றிப் பரீட்சிக்க வேண்டும். அடுத்தடுத்த மேடுகளில் பின்புறம் துள்ளி ஆளை முன்னே தள்ளினால், ஸ்பிரிங் எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை இறுக்குக. மாறாக, முதல் இரண்டு மேடுகளை நன்றாகக் கடந்து போகப்போக வண்டி தாழ்ந்து விறைத்தால், சக்கரம் அடுத்த மேட்டுக்குள் எழ அவகாசம் பெறவில்லை என்று பொருள், ரீபவுண்டைத் தளர்த்துக. சிறு கற்களும் கையில் சுரீரென்று உறைத்தால், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனைத் தளர்த்தவும், தாவி இறங்குகையில் ஒவ்வொரு தடவையும் அடிமுட்டினால் இறுக்கவும் வேண்டும். எப்போதோ பெரிய தாவலில் ஒருமுறை முட்டுவது குற்றமன்று. பயண தூரம் முழுவதும் பயன்படுகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. சில ஷாக்குகளில் அதிவேகக் கம்ப்ரெஷன் என்று தனித் திருகு உண்டு; அந்த வேகம் தண்டு உள்ளே பாயும் வேகமேயன்றி வண்டியின் வேகமன்று. ஆதலால் மெதுவாகச் செல்லும்போது கூரிய கல்லில் மோதினாலும் அதற்கு வேலை உண்டு.

புது ஸ்பிரிங் சில மணி ஓட்டத்தில் சற்றே தளர்வது இயல்பாகையால், முதல் சில ஓட்டங்களுக்குப்பின் அளவு நாடாவை மறுபடி எடுப்பது அவசியம்.