எரிபந்த நோயும் பங்கசின் குலவகைகளும்

நெற்செய்கையாளர்களே,

எரிபந்த நோயை நீங்கள் நன்கறிவீர்கள். இருமுனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமும் கொண்ட புள்ளிகள் இலையிற் காணப்படும். கதிரின் கழுத்தை நோய் பற்றினால் மணிகள் பதராகும்.

நோயை எதிர்க்கும் என நம்பி விதைத்த நெல்லினம், சில போகங்களின் பின் அதே நோய்க்கு இரையாவது ஏன்? விதை கெட்டுவிட்டதெனப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் மாறியது விதையன்று; நோயை உண்டாக்கும் பங்கசின் குலவகையே. ஒரு குலவகையை எதிர்த்து நின்ற நெல் மற்றொன்றுக்குப் பணிந்துவிடும்.

இக்குலவகைகள் யாவும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் மனிதரின் விரலடையாளம் வேறுபடுவது போல, அவற்றின் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளும் வேறுபடும். அதனைக் கண்டறியும் முறை வருமாறு:

1. நோயுற்ற இலையிலிருந்து பங்கசின் ஒரேயொரு வித்தியை எடுத்து வளர்ப்பர்.
2. அதன் டி.என்.ஏ.யைப் பிரித்து, நொதியத்தாற் குறித்த இடங்களில் வெட்டுவர்.
3. துண்டுகளைப் பாகுபோல் உறைந்த பொருளில் இட்டு மின்னோட்டம் செலுத்துவர். சிறியவை விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகரும்.
4. குறித்த ஓர் அடையாளப் பகுதியைக் கொண்ட துண்டுகளை மட்டும் வரிகளாகத் தெரியச் செய்வர்.

1989 இல் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய அடையாளப் பகுதியொன்றை வெளியிட்டனர். நெல்லைத் தாக்கும் பங்கசில் அது ஏறக்குறைய 50 இடங்களில் உண்டு. அவ்விடங்கள் குலவகைக்கேற்ப மாறுவதால் வரிகளும் மாறுகின்றன. இன்று டி.என்.ஏ. முழுவதையுமே வாசித்து ஒப்பிடுகின்றனர்.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம்: 2016 இல் பங்களாதேசத்தில் ஏறக்குறைய 15,000 ஹெக்டயர் கோதுமையை எரிபந்தம் தாக்கிற்று. அயல் வயல்களின் நெற்பங்கசே கோதுமைக்குத் தாவியதோ என்ற ஐயம் எழுந்தது. டி.என்.ஏ. ஒப்பீடு அதனை மறுத்தது. 1985 இல் பிரேசிலில் முதன்முதற் கண்டறியப்பட்ட கோதுமை எரிபந்தத்தின் தென்னமெரிக்கக் குலவகையே கடல்கடந்து வந்திருந்தது.

எனினும், விரலடையாளம் மட்டும் எந்த நெல்லினம் தாங்கும் என்பதைக் கூறிவிடாது. நெல்லினங்களில் பங்கசைத் தொற்றச் செய்தும் பார்த்தல் வேண்டும்.

ஆதலால் நீங்கள் செய்ய வேண்டியவை:

- வயல்வெளி முழுவதிலும் ஒரே இனத்தைப் போகந்தோறும் விதையாதீர்கள்.
- நோயற்ற பயிரிலிருந்து பெற்ற விதையையே விதையுங்கள். பிறநாட்டு விதையை அனுமதியின்றிக் கொணராதீர்கள்.
- யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள். சிபாரிசு செய்த அளவைப் பல தடவைகளாகப் பிரித்திடுங்கள்.
- எதிர்ப்பினத்தில் நோய் கண்டால், புதிய புள்ளிகளுள்ள இலைகளை உலர்ந்த கடதாசி உறையிலிட்டு, நெல்லினத்தின் பெயரையும் இடத்தையும் திகதியையும் குறித்து, விவசாயப் போதனாசிரியரிடம் தாமதமின்றி ஒப்படையுங்கள்.

நீங்கள் தரும் அந்த இலையிலிருந்தே ஆய்வு தொடங்குகின்றது. புதிய குலவகையை நேரத்தோடு அறிந்தாற்றான் அடுத்த போகத்துக்கு ஏற்ற இனத்தைத் தெரிவுசெய்ய இயலும்.