சின்னப் பிள்ளைகளிடம் மரியாதை வளர: கிளாவரை வீடுகளுக்கும் பள்ளிக்கும் சில குறிப்புகள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று கடந்து போனால் பேருந்து வழி முடிகிற ஊர் கிளாவரை. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் படிக்கட்டு வயல்கள். ஒருவரையொருவர் தெரிந்த சனம். இப்படிப்பட்ட ஊரில் "பெரியவங்களுக்கு வணக்கம் சொல்லு" என்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். வாத்தியாருக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் பிள்ளைகள் தானாகவே வணக்கம் வைத்துவிடுவார்கள். மரியாதையைக் கேட்டு வாங்க முடியாதவர்களிடம் எப்படி நடக்கிறார்கள் என்பதே முக்கியம். ஐந்திலிருந்து பத்து வயதுதான் அதைப் பழக்க ஏற்ற பருவம்.

1. தோட்ட வேலைக்கு வருகிறவர்களை முறை வைத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏழு வயதுப் பையன் அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி "இங்க வா" என்று அழைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு அதில் தப்பு தெரியாது. வீட்டில் அப்பாவும் தாத்தாவும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். திருத்தம் பெரியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். பூண்டு எடுக்க வருகிறவர் இனி "அண்ணே", "அக்கா", "தாத்தா", "அப்பத்தா". டீ கொடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். வீட்டில் குடிக்கும் அதே டம்ளரில், கையில் கொடுத்து, "குடிங்க தாத்தா" என்று சொல்லட்டும். தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் பிள்ளைக்கு எத்தனை நீதிக்கதை சொன்னாலும் ஏறாது.

2. சாப்பாடு போடுகிறவருக்கு நன்றி சொல்லப் பழக்குங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி பள்ளியில், சமைப்பவரின் சாதியைக் காரணமாக்கிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்ததாகப் புகார் எழுந்தது. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழந்தைகள் மேல் குற்றமில்லை, தட்டைத் தள்ளிவைக்க வீடுதான் சொல்லிக்கொடுக்கிறது. தானே பரிமாறிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் அந்த உழைப்பு புரியும். ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவைப் பிள்ளைகளே முறை போட்டுப் பரிமாறுகிறார்கள். நம் பள்ளியிலும் தட்டு எடுத்து வைக்க, தண்ணீர் ஊற்ற வாரம் நாலு பிள்ளைகளை மாற்றி மாற்றி விடலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யட்டும்.

3. குழந்தையிடம் நீங்களும் மரியாதையாகப் பேசுங்கள். "ஏய், சனியனே" என்று எழுப்பப்படும் பிள்ளை பள்ளியில் தம்பியையும் அப்படித்தான் கூப்பிடும். "வாங்க சாமி", "எந்திரிங்க தங்கம்" என்று கொஞ்சுவது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. கோபம் வந்த நேரத்திலும் அந்த வழக்கம் தங்க வேண்டும்.

4. அடி வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "சார், நாலு போட்டு வளர்த்துங்க" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிக்குப் பயந்து அடங்கும் பிள்ளை, தன்னைவிடச் சின்னவன் கையில் கிடைத்ததும் அந்த அடியை அவனுக்குக் கொடுக்கும்.

5. தப்பு செய்த பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தாதீர்கள். தனியே கூப்பிட்டு, உட்காரவைத்து, "என்ன நடந்துச்சு?" என்று முதலில் கேளுங்கள். "சாரி சொல்லு" என்று மிரட்டி வாங்கும் மன்னிப்புக்கு மதிப்பில்லை. பென்சிலை உடைத்தவன் தன் பென்சிலைக் கொடுக்கட்டும். தள்ளிவிட்டவள் கீழே விழுந்தவளின் காயத்தைக் கழுவ உதவட்டும்.

6. பட்டப்பெயர்களைக் காதில் விழுந்த அன்றைக்கே நிறுத்துங்கள். கறுப்பு, குண்டு, திக்குவாய், அம்மா செய்யும் வேலை, அப்பாவின் குடி எதுவும் கேலிக்கு உரியதல்ல. பழனி மலையின் பழங்குடிகளான பளியர் வீட்டுப் பிள்ளையின் பேச்சு கொஞ்சம் வேறாக இருந்தால், அந்தப் பிள்ளையிடம் காட்டு மரம், செடிகளின் பெயரைக் கேட்டு வகுப்புக்கே சொல்லச் செய்யலாம். கேலி செய்யும் பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள்.

7. ஆசிரியரும் தரையில் உட்காரலாம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியைப் பார்த்து வந்தது. அதில் ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு சரிசமமாக உட்கார்ந்தார். திட்டங்கள் மாறினாலும் இந்த ஒன்றை விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வட்டமாக உட்கார்ந்தால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்காது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பதையும் அங்கேயே பழக்கலாம்.

8. பிள்ளையின் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி அனுப்பாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு போன்ற அடையாளங்களைத் தடுக்கவும், பெயரின் அகர வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. அது பெரிய வகுப்புப் பிள்ளைகளின் கதை என்று தள்ளிவிட முடியாது. யார் பக்கத்தில் உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்ற பேச்சு இரண்டாம் வகுப்பிலேயே காதில் விழுகிறது.

9. மிருகங்களிடமும் மரியாதை வேண்டும். சுமை ஏற்றி வரும் குதிரைக்குப் பிள்ளைகள் வழி விடட்டும். நாயின் மேல் கல் எறியாதிருக்கட்டும்.

10. வண்டியில் ஊர் பார்க்க வருகிறவர்கள் சாக்லேட்டை வீசினால் ஓடிப் பொறுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். நின்று வணக்கம் சொல்லலாம், வழி கேட்டால் காட்டலாம், "போட்டோ வேண்டாம்ங்க" என்றும் சொல்லலாம். தன்னை மதிப்பதும் மரியாதைதான்.

11. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டட வேலை, கழிப்பறைத் தண்ணீர் பற்றிப் பேசுவது போல, பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் அங்கே பேசுங்கள். அடியோ சாதிப் பேச்சோ கூட்டத்தில் சொல்லியும் நிற்காவிட்டால், பள்ளிக் கல்வி உதவி எண் 14417-க்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பேசுங்கள். இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.