வைக்கோல் வண்டிக்குத் தீயணைப்பான்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

சம்பா அறுவடை முடிந்ததும் தை, மாசி மாதங்களில் டெல்டா மாவட்டச் சாலைகளில் வைக்கோல் வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். இயந்திர அறுவடை பரவிய பின் வைக்கோலும் இயந்திரத்தால் உருளைக் கட்டுகளாகக் கட்டப்பட்டு, மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்திற்கும் போகிறது. முன்பு மாட்டு வண்டி சுமந்ததை இப்போது 'குட்டி யானை' என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியும் பிக்கப் வண்டியும் சுமக்கின்றன. தவணைக் கடனில் இத்தகைய வண்டி வாங்கித் தம் வைக்கோலையும் பிறர் வைக்கோலையும் ஏற்றிப் பிழைக்கும் சிறு விவசாயிகள் பலர். தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் சுமையின் உச்சி உரசினால் போதும். சிறிது நேரத்தில் வைக்கோலும் வண்டியும் சாம்பலாகிவிடும். தவணை மட்டும் மிஞ்சும்.

தீயணைப்பான் வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நலம். இவ்வண்டிகளில் பிடிக்கும் தீ இரு வகையானது. ஒன்று, எஞ்சின் பக்கம் பிடிப்பது. டீசல் குழாயில் கசிவு, ஒயர் உரசல், சைலன்சர் குழாய் மேல் சேர்ந்த வைக்கோல் சருகு ஆகியவை இதற்குக் காரணம். ப்யூஸ் போன இடத்தில் கம்பித் துண்டைச் செருகி வண்டியை ஓட்டும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மற்றொன்று, சுமையில் பிடிப்பது. இவ்விரண்டுக்கும் ஒரே மருந்து போதாது.

பவுடரே ஏற்றது

எரியும் பொருளை வைத்துத் தீயை வகைப்படுத்துகிறார்கள். வைக்கோல், மரம், துணி போன்றவை 'ஏ' வகை. டீசல், பெட்ரோல், எண்ணெய் 'பி' வகை. எரிவாயு 'சி' வகை. தீயணைப்பானின் மேல் இந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். 'பிசி' என்று மட்டும் இருந்தால் அதிலுள்ள பவுடர் திடப்பொருள் தீக்கு உதவாது. வண்டிக்கு வாங்க வேண்டியது 'ஏபிசி' பவுடர் தீயணைப்பான்.

கரியமில வாயு நிரப்பிய கருவி அலுவலகங்களிலும் மின்பலகை அறைகளிலும் நன்கு பயன்படும். காற்றடிக்கும் சாலையில் அந்த வாயு நிற்காமல் கலைந்துவிடும், உருளையும் கனம். நுரைக் கருவி டீசல் தீக்கு நல்லதுதான். ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் ஆபத்து.

ஏபிசி பவுடரில் முக்கியமாக இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சொட்டுநீர்ப் பாசனத்தில் 12:61:0 என்று கரைத்துவிடும் அதே உப்புதான் இது. அதனால் உர மூட்டையிலிருந்து எடுத்து உருளையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். தீயணைப்புப் பவுடர் மிக நுண்மையாக அரைக்கப்பட்டு, ஈரம் ஒட்டாதபடி பக்குவம் செய்யப்பட்டது. உரமோ ஈரத்தில் கட்டிபட்டு, அவசரத்தில் குழாயை அடைத்துவிடும். கடையில் வாங்கும்போது 'மேப் 50', 'மேப் 90' என்ற குறிப்பைப் பார்க்கலாம். நூற்றுக்கு எத்தனை பங்கு இந்த உப்பு உள்ளது என்பதையே இது காட்டுகிறது. 90 உள்ளது மேல்.

எவ்வளவு பெரியது?

கார்களில் வைக்கும் 1 கிலோ உருளை ஏழெட்டு விநாடிகளில் தீர்ந்துவிடும். பதற்றத்தில் முதல் இரண்டு விநாடி வீணாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிறு சரக்கு வண்டிக்குக் குறைந்தது 2 கிலோ வேண்டும். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார் ஏற்றும் வண்டிக்கு 4 கிலோவே பொருத்தம். 2 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் பொதுவாக விலை இரு மடங்காவதில்லை. 6 கிலோ, 9 கிலோ உருளைகள் வேலை நன்றாகச் செய்யும். ஆனால் ஓட்டுநர் அறையில் வைக்க இடம் இராது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனருகில் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் உண்டா என்று பார்க்க வேண்டும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் உடையாமல் இருக்க வேண்டும். உற்பத்தி செய்த ஆண்டு பழையதாக இருந்தால் வேறு உருளை கேட்பதே நல்லது. சாலையோரம் மலிவாகக் கிடைக்கும், சாயம் பூசிய பழைய உருளைகளை நம்பக்கூடாது.

வைக்குமிடம்

பல வண்டிகளில் தீயணைப்பான் இருக்கிறது. இருக்கைக்குப் பின்னே ஜாக்கி, கயிறு, தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. சிலவற்றில் சுமை ஏற்றும் தட்டிலேயே கட்டியிருப்பார்கள். தீப்பிடித்தால் முதலில் மறையும் இடம் அதுதான். ஓட்டுநர் அறைக்குள், கதவைத் திறந்து தரையில் நின்றபடி எட்டி எடுக்கும் இடத்தில், இரும்புப் பட்டையால் பிணைத்து வைக்க வேண்டும். கட்டாமல் விட்டால் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய்விடும். கண்ணாடி வழியே வெயில் நேரே விழும் இடமும், எஞ்சின் சூடு தாக்கும் இடமும் ஆகா.

வண்டியின் குலுக்கலில் பவுடர் அடியில் இறுகும். மாதம் ஒருமுறை உருளையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உள்ளே பவுடர் சரிவது கைக்குத் தெரியும். முள் பச்சையில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

சுமைக்குத் தண்ணீர்

பவுடர் வைக்கோலின் மேல் சுவாலையை அடக்கும். கட்டின் உள்ளே கனியும் நெருப்பை அணைக்காது. சற்று நேரத்தில் மீண்டும் பற்றும். அதற்குத் தண்ணீர்தான் மருந்து. விவசாயியிடம் ஏற்கனவே உள்ள 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் இங்கு கைகொடுக்கும். நீர் நிரப்பி, பூச்சிமருந்துக்குச் சேர்க்கும் ஒட்டும் திரவத்தைச் சிறிது கலந்து வைத்தால் நீர் வழிந்தோடாமல் வைக்கோலுக்குள் இறங்கும். மருந்து அடித்த தெளிப்பானை நன்றாகக் கழுவிய பிறகே இதற்குப் பயன்படுத்த வேண்டும். வைக்கோல் மாட்டின் வாய்க்குப் போவது. இதுவும் ஓரிடத்தில் பிடித்த சிறு தீக்கு மட்டுமே. உச்சி முழுவதும் எரியத் தொடங்கினால் எந்தத் தெளிப்பானும் பயன்படாது.

மின்கம்பி தொட்டிருக்கும்வரை தண்ணீரை நினைக்கவே கூடாது. வண்டி நகரும் நிலையில் இருந்தால் முதலில் கம்பியை விட்டு நகர்த்த வேண்டும். நகராது, தீயும் பிடித்துவிட்டது என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறு சிறு அசைவாக விலகிச் செல்ல வேண்டும். தாழ்ந்த கம்பி இருக்கும் பாதை தெரிந்திருந்தால், ஏற்றுமுன்பே மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லலாம். கம்பி உயரும்வரை ஒரு வரிசைக் கட்டைக் குறைத்து ஏற்றுவது நட்டமல்ல.

தீப்பிடித்த வண்டியை வேகமாக ஓட்டினால் காற்று தீயை ஊதிவிடும். வீடுகள், போர்கள், பெட்ரோல் பங்க் இல்லாத திறந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உடனே 101 அல்லது 112ஐ அழைக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் எரிகிறது, ஆளும் இருக்கிறார்கள் என்றால் கயிற்றை அறுத்து எரியும் கட்டுகளை உருட்டிவிடலாம். ஆள் மேலே ஏறக்கூடாது.

எஞ்சினில் புகை வந்தால் முன்மூடியை முழுவதும் திறக்காமல், விரல் நுழையும் அளவு தூக்கி அந்த இடைவெளியில் பவுடரை அடிக்க வேண்டும். முழுவதும் திறந்தால் காற்று பாய்ந்து சுவாலை முகத்தில் அடிக்கும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பிடியை அழுத்திப் பக்கவாட்டில் வீச வேண்டும். உருளை தீர்ந்தும் தீ அடங்கவில்லையென்றால் விலகிவிட வேண்டும். வண்டிக்குக் காப்பீடு உண்டு. எரிவாயுவில் ஓடும் வண்டியானால், வாயுவை அடைக்க முடியாதபோது சுவாலையை அணைக்க முயலக் கூடாது; பேட்டரியில் ஓடும் வண்டியின் பேட்டரி எரிந்தால் தூர விலகுவதே வழி.

தீ அணைந்தபின் பவுடரை எஞ்சினிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஈரம் பட்டால் அது இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். காய்ந்த நிலையிலேயே துடைத்து, பிறகு மெக்கானிக்கைக் கொண்டு கழுவ வேண்டும். ஒரு விநாடி மட்டும் அடித்துப் பார்த்த உருளையாக இருந்தாலும் மறுபடி நிரப்பத்தான் வேண்டும். வால்வில் பவுடர் ஒட்டிக்கொள்வதால் உள்ளிருக்கும் அழுத்தம் மெல்லக் கசிந்து, சில நாட்களில் முள் சிவப்புக்கு இறங்கிவிடும்.