தன்னை அறியும் உடல்: சமநிலைப் பயிற்சி குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

புறநானூற்றின் 243ஆம் பாடலில் ஒரு முதியவர் தம் இளமையை எண்ணிப் பார்க்கின்றார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய நாள்கள் அவர் நினைவில் எழுகின்றன. இன்றோ பூண் பொருத்திய கோலை ஊன்றிய நடுங்கும் நடை. இருமலின் இடையே சில சொற்கள். அப்பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் ஊன்றிய கோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகின்றார்.

இப்பாடலை இளமை நிலையாமைக்குச் சான்றாக நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அது பொருத்தமே. ஆயினும் இங்கு வேறொரு வினாவும் எழுகின்றது. கிளை எவ்வளவு வளையும், கால் எங்குப் பதியும், உடல் எந்த அளவிற்குச் சாயலாம் என்பவற்றைக் கணக்கிடாமலேயே அறிந்திருந்த அந்த உடலறிவு எங்கே போயிற்று? முதுமை அதனை முற்றாகக் கவர்ந்து சென்றதா? அன்றி, வழக்கு வீழ்ந்த சொல்லைப்போல, எடுத்தாளப்படாமையால் மங்கிற்றா? இரண்டும் உண்டு என்பதே இன்றைய மருத்துவ அறிவியலின் விடை. முதலாவதை நாம் தடுக்க இயலாது. இரண்டாவதைப் பயிற்சியால் பெரிதும் மீட்கலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐம்பொறிகளுக்கு அப்பால்

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுவது நம் மரபு. தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்குமிடத்து, உற்றறியும் அறிவையே முதலாவதாக வைக்கின்றது. இவ்வெண்ணிக்கையில் தனித்து இடம்பெறாத உணர்வு ஒன்று நம்மிடம் உண்டு. கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் வழி தவறுவதில்லை. கை எங்கே உள்ளது, முழங்கை எவ்வளவு மடங்கியுள்ளது என்பதைக் காணாமலே அறிகின்றோம். இதனைத் தன்னுடலுணர்வு எனலாம்.

1826இல் சார்லஸ் பெல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவ அறிஞர் தசைகளுக்கென ஓர் உணர்வு உண்டு என எடுத்துரைத்தார். 1906இல் ஆங்கில அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயர் சூட்டி, நரம்பியலில் அதற்குரிய இடத்தை நிலைநாட்டினார். தசைகளுக்குள் நுண்ணிய கதிர்போன்ற உறுப்புகள் அமைந்து, தசை நீளும் அளவையும் வேகத்தையும் நொடிதோறும் மூளைக்கு அறிவிக்கின்றன. தசைநாண்களில் உள்ளவை இழுவிசையை அறிவிக்கின்றன.

இவ்வுணர்வை இழந்தால் என்னவாகும்? 1971இல் பிரித்தானிய இளைஞர் ஒருவர் நோயொன்றின் பின்விளைவாகக் கழுத்திற்குக் கீழே தொடுவுணர்வையும் தன்னுடலுணர்வையும் ஒருங்கே இழந்தார். தசைகளின் வலிமை குன்றவில்லை. ஆயினும் அவரால் எழுந்து உட்காரவும் இயலவில்லை. பல மாதங்கள் முயன்று, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே செய்யக் கற்றார். விளக்கு அணைந்தால் நிலைகுலைந்து வீழ்ந்தார். மருத்துவர் ஜோனதன் கோல் 1991இல் இவ்வரலாற்றை நூலாக எழுதினார். வலிமை மட்டும் ஒருவரை நிற்கச் செய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மூவகைச் செய்திகள்

நாம் நிலைகுலையாது நிற்பதற்கு மூவகைச் செய்திகள் மூளையைச் சென்றடைகின்றன. முதலாவது, கண் தரும் செய்தி. இரண்டாவது, உட்செவி தரும் செய்தி. அங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் உள்ள நீர்மம், தலை திரும்புவதை உணர்த்துகின்றது. அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகளில் சுண்ணப் படிகங்கள் உள்ளன. அவை தலையின் சாய்வையும் நேர்கோட்டு இயக்கத்தையும் உணர்த்துகின்றன. மூன்றாவது, தசை, மூட்டு, உள்ளங்கால் தோல் ஆகியன தரும் செய்தி. இம்மூன்றையும் ஒப்புநோக்கி, எதனை எவ்வளவு நம்புவது என மூளை முடிவு செய்கின்றது. சிறுமூளை அசைவுகளைத் திருத்தி ஒழுங்குபடுத்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், தண்டுவட நோயாளர் சிலர் கண் திறந்திருக்கும்போது நின்று, கண்ணை மூடியதும் தள்ளாடுவதைக் குறித்து வைத்தார். முகம் கழுவக் கண்ணை மூடும் வேளையிலேயே அவர்கள் விழ நேர்ந்தது. கால் தரும் செய்தி அற்றுப்போனமையால் அவர்கள் கண்ணையே முழுமையாக நம்பி நின்றனர்.

நம் இல்லங்களிலும் இது நிகழக்கூடியதே. நெடுநாள் நீரிழிவால் உள்ளங்கால் மரத்துப்போன முதியவர் ஒருவர் நள்ளிரவில் எழுகின்றார். மின்சாரம் தடைப்பட்டுள்ளது. கால் தரும் செய்தி முன்னரே குன்றியது. இப்போது கண் தரும் செய்தியும் இல்லை. முதுமையில் உட்செவியும் முன்போல் கூர்மையாக இராது. புழக்கடைப் படியில் அவர் விழுந்தால், "கால் தவறிவிட்டது" என்று கூறி அமைகின்றோம். உண்மையில் தவறியது கால் மட்டுமன்று. உடல் தன்னைப்பற்றிப் பெறும் செய்தியும் ஆகும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுதலால் இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தோர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் மதிப்பிட்டது.

நிற்றல் என்பது அசைதல்

சமநிலை என்றவுடன் அசைவற்ற நிலையை எண்ணுகின்றோம். அது பிழையான எண்ணம். துலாக்கோலின் முள் நடுவில் நிற்குமுன் இருபுறமும் ஆடுவதைக் கண்டிருப்போம். மனித உடலாகிய துலாக்கோலின் முள்ளோ ஒருபோதும் முற்றாக நிற்பதில்லை. ஆடாமல் நிற்பவராகத் தோன்றுபவரும் சிறிதளவு முன்னும் பின்னும் சாய்ந்துகொண்டே இருக்கின்றார். சாய்வதும், சாய்ந்ததை உணர்வதும், உணர்ந்து மீள்வதுமே நிற்றல். குறுந்தொகையின் ஏழாம் பாடலில் கயிற்றின்மீது ஆடுவோரின் பறை உவமையாக வருகின்றது. அக்கலைஞர் கயிற்றில் விழாதிருப்பது அசையாமையால் அன்று. மிகச்சிறிய சாய்வையும் மிக விரைவில் உணர்ந்து திருத்துவதனால்.

இதிலிருந்து பயிற்சியின் அடிப்படை பெறப்படும். சாய வாய்ப்பே இல்லாத உடல் சாய்வை உணரக் கற்காது. பிள்ளைத்தமிழ் இவ்வுண்மையைப் பருவங்களாகவே வகுத்துள்ளது. ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்த்து ஆடும் செங்கீரையும், தளர்நடையிட்டு வரும் வருகையும் குழந்தை தன் உடலை அறியும் படிகளே. விழுந்தெழும் குழந்தையைத் தாய் தடுப்பதில்லை, அருகிருந்து காக்கின்றாள்.

இவ்விடத்து முதியவரின் கோலையும் புதிதாக நோக்கலாம். கோல் உடலின் பாரத்தைத் தாங்குவது மட்டுமன்று. விரல்நுனியால் நிலையான பொருளொன்றை மெல்லத் தொட்டாலே, தாங்கும் அளவிற்கு விசை இல்லாதபோதும், உடலின் ஆட்டம் குறைகின்றது என 1994இல் ஜெக்கா, லாக்னர் என்னும் ஆய்வாளர் காட்டினர். தொடுகை ஒரு செய்தி. ஊன்றிய கோலும் நிலத்தைக் கைக்கு உணர்த்தும் ஒரு பொறியே.

பயிற்சியின் பயன்

1965இல் பிரித்தானிய மருத்துவர் ஃப்ரீமனும் உடனுழைத்தோரும், கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு ஆடும் பலகையின்மீது நிற்கும் பயிற்சி தந்தபோது, கால் மீண்டும் மீண்டும் பிசகும் தொல்லை குறைந்ததை எடுத்துக்காட்டினர். 2019இல் வெளிவந்த காக்ரன் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளையும் 23,407 முதியோரையும் கணக்கிற்கொண்டு, உடற்பயிற்சி விழும் நிகழ்வுகளை 23 விழுக்காடு குறைக்கின்றது என முடிவு கண்டது. சமநிலைப் பயிற்சியும், எழுதல், அமர்தல், நடத்தல் போன்ற செயற்பயிற்சியும் அவற்றுள் முதன்மை பெற்றன. முதியோர் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் கூடிய பயிற்சி செய்க என உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது.

எனினும் பயனை மிகைப்படுத்தல் ஆய்வறம் ஆகாது. பயிற்சியால் புதிய உணர்வுறுப்புகள் தோன்றுவதில்லை. உள்ளவை தரும் செய்தியை மூளை நன்கு பயன்கொள்ளக் கற்கின்றது. மேலும், ஒருவகைப் பயிற்சி பெரிதும் அவ்வகைத் திறனையே வளர்க்கின்றது என்று 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று உணர்த்தியது. ஒற்றைக்காலில் நிற்க மட்டும் பழகியவர், நடையில் திரும்பும்போது தடுமாறலாம். ஆகவே பயிற்சி பலவகையாக அமைதல் வேண்டும்.

பயிற்சி முறை

சுவரின் அருகில் அல்லது கனமான நாற்காலியின் பின்புறம், வெறுங்காலுடன், வழுக்காத தரையில் நிற்க. பின்வரும் படிகளில் ஒன்று எளிதான பின்னரே அடுத்ததற்குச் செல்க.

1. பாதங்களை ஒட்டிவைத்து நிற்றல்.
2. ஒரு பாதத்தைச் சற்று முன்தள்ளி, அதன் குதிகால் மற்றதன் பெருவிரல் பக்கத்தைத் தொடுமாறு நிற்றல்.
3. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொட, ஒரே கோட்டில் நிற்றல்.
4. ஒற்றைக்காலில் நிற்றல்.

ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிற்கப் பழகுக. முதலில் இரு கைகளாலும், பின் ஒரு கையாலும், பின் ஒரு விரலாலும் நாற்காலியைத் தொடலாம். இவை கைவந்தபின் தலையை மெல்ல இருபுறமும் திருப்புதல், மடித்த போர்வையின்மீது நிற்றல், குதிகாலும் விரலும் தொடுமாறு கோட்டில் நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுதல் எனப் பயிற்சியை விரிக்கலாம். கண்களை மூடி நிற்பது இறுதிப் படி. அருகில் ஒருவர் இருக்கும்போது மட்டுமே அதனை மேற்கொள்க.

நிற்கும்போது கருத்து எங்கே இருத்தல் வேண்டும்? உள்ளங்காலில். பாரம் குதிகாலில் உள்ளதா, விரலடியில் உள்ளதா, உள்விளிம்பிலா, வெளிவிளிம்பிலா என வினவிக்கொள்க. இவ்வினாவே உடலறிவைக் கூர்மையாக்கும்.

தலைச்சுற்றல், அண்மையில் நேர்ந்த எலும்பு முறிவு, பாதத்தில் உணர்விழப்பு, அடிக்கடி விழுதல் ஆகியன உடையோர் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்தே தொடங்குதல் வேண்டும். பாதம் மரத்த நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் பயிலாமல், பொருந்திய காலணி அணிந்து பயில்க.

அச்சமும் அன்பும்

ஒருமுறை விழுந்தவர் அடுத்த வீழ்ச்சியை அஞ்சுகின்றார். அஞ்சுவதால் நடமாட்டத்தைக் குறைக்கின்றார். குறைப்பதால் தசை மெலிந்து உடலறிவு மங்குகின்றது. அதனால் மீண்டும் விழுகின்றார். இச்சுழலை நம் அன்பும் வலுப்படுத்துவதுண்டு. "எழுந்திருக்காதீர்கள், வேண்டியதை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்" என்று மக்கள் கூறுவது கடமையுணர்வினால்தான். ஆயின் நாள் முழுதும் நாற்காலியில் அமர்த்தப்பெற்றவர் ஒரு திங்களில் இழப்பது கொஞ்சமன்று. காக்கும் எண்ணத்தில் செய்யும் செயலே காலைப் பறித்துவிடுகின்றது.

பயிற்சி முதியோருக்கு மட்டும் உரியதும் அன்று. நாற்பதிலும் ஐம்பதிலும் மேசையருகே அமர்ந்து பணியாற்றும் நம் போன்றோரே இன்று தொடங்க வேண்டியவர்கள்.

முடிவுரை

உடலறிவு பிறவியில் முழுமையாக வந்ததன்று. சாய்ந்தும் விழுந்தும் கற்றது. கற்றது பயன்பாடின்றி மங்கும்; பாதுகாப்பான அளவில் மீண்டும் சாயவிட்டால் தெளியும். முதுமை மடுவில் குதித்த உடலைத் திருப்பித் தாராது. எனினும் இரவில் எழுந்து புழக்கடைக்குச் சென்று தாமே மீளும் நடையைப் பலருக்குக் காத்துத் தரப் பயிற்சி வல்லது. நாளொன்றுக்குச் சில மணித்துளிகளும், பற்றிக்கொள்ள ஒரு நாற்காலியும், அருகில் நிற்க ஒருவரும் போதும். வீட்டுப் பெரியவரிடம் "உட்காருங்கள்" என்று கூறுமுன், "எழுந்து நில்லுங்கள், நான் அருகில் இருக்கிறேன்" என்று கூற நாம் பழகுவோமாக.