உண்ணிக் காய்ச்சல் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது?

கேள்வி: தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளின் விவரங்களைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து, ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். சர்வதேச வெப்பமண்டல மருத்துவ இதழ் என்று சொல்லிக்கொண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவார்களாம். பதவி உயர்வுக்கும் கட்டுரை தேவைப்படுகிறது. அனுப்பலாமா? நல்ல இதழ்கள் எங்களைப் போன்றவர்களின் கட்டுரையை ஏறெடுத்துப் பார்க்குமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பணம் கேட்கிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. 2007-இல் தொடங்கிய பிளாஸ் நெக்லெக்டட் டிராபிகல் டிசீசஸ் போன்ற தரமான இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. எல்லோரும் இலவசமாகப் படிக்க வசதி செய்வதற்கான செலவு அது. என்னை உறுத்துவது அந்த ஒரு வாரம்தான். ஒரு கட்டுரையைத் துறை அறிந்த இரண்டு, மூன்று பேர் வரிவரியாகப் படித்து, குறைகளை எழுதி, நீங்கள் திருத்தி, அதை மறுபடி பார்ப்பதற்குப் பல வாரங்கள் ஆகும். பெரும்பாலும் மாதங்களே ஆகும். ஒரு வாரத்தில் வெளியாகும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவர்கள் அதைப் படிக்கப் போவதில்லை.

அங்கே வெளியாகிவிட்டால் பிறகு மீட்பது கடினம். ஒருமுறை வெளியான கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்பினால் அது இரட்டை வெளியீடு என்ற குற்றமாகிவிடும். மருத்துவ வழிகாட்டு நெறிகளை எழுதுபவர்கள் பப்மெட் போன்ற தரவுத்தளங்களில் தேடித்தான் சான்றுகளைத் திரட்டுகிறார்கள். அங்கே இல்லாத கட்டுரை அவர்கள் கண்ணில் படாது. உங்கள் நோயாளிகள் தந்த விவரங்கள் யாருக்கும் பயன்படாமல் போய்விடும்.

இதழை எப்படிச் சோதிப்பது? மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் நீங்களே பெயரைத் தேடி, அதன் மெட்லைன் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் வாங்கும் திறந்த அணுக்க இதழ் என்றால் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலிலும் பாருங்கள். ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் ஒருகாலத்தில் இருந்து பின்னர் நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு, அவருடைய கல்லூரி முகவரியிலேயே எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. பதவி உயர்வுக்கு எந்தத் தரவுத்தளங்கள் செல்லும் என்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நடப்பு விதிமுறையில் பார்த்துவிடுங்கள்.

இனி எந்த இதழ் என்ற கேள்வி. இதழின் பெயரிலிருந்து தொடங்காமல், இதை யார் படிக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி ஒரு பாக்டீரியா. அதைச் சுமந்து வருவது சிக்கர் எனப்படும் உண்ணிப்பூச்சியின் இளம்புழு. ஆகவே 1908 முதல் வரும் பாராசிட்டாலஜி, 1914 முதல் வரும் ஜர்னல் ஆஃப் பாராசிட்டாலஜி போன்ற ஒட்டுண்ணியியல் இதழ்களுக்கு மருத்துவமனை நோயாளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரை பொருந்தாது. புழுக்கள், புரோட்டோசோவா போன்ற ஒட்டுண்ணிகளின் உயிரியலே அவற்றின் முக்கியக் களம். மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிடக்கூடும். வயல்களிலும் எலிகளின் மேலும் சிக்கர்களைச் சேகரித்து ஆராய்ந்திருந்தால் பாராசைட்ஸ் அண்ட் வெக்டர்ஸ் ஏற்ற இடம். முன்பு இந்தியன் ஜர்னல் ஆஃப் மலேரியாலஜி என்ற பெயரில் வந்து இன்று ஜர்னல் ஆஃப் வெக்டர் போர்ன் டிசீசஸ் ஆகியிருக்கும் நம் நாட்டு இதழும் அதற்குப் பொருந்தும்.

நோயாளிகளைப் பற்றிய கட்டுரைக்கு வெப்பமண்டல மருத்துவ இதழ்களே முதல் தேர்வு. லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் டிராபிகல் மெடிசின் அண்ட் ஹைஜீனின் டிரான்சாக்ஷன்ஸ், அதே துறையின் அமெரிக்க இதழ், பிளாஸ் இதழ் ஆகிய மூன்றும் ஸ்க்ரப் டைஃபஸ் கட்டுரைகளை வெளியிட்டு வருகின்றன. இந்திய மருத்துவர்களே முதலில் படிக்க வேண்டும் என்றால் 1913 முதல் வரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இருக்கிறது. கட்டணம் கட்ட வழியில்லை என்று தயங்க வேண்டாம். அமெரிக்க சி.டி.சி.யின் எமர்ஜிங் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்குவதில்லை. சந்தா முறையில் வரும் பல இதழ்களில் ஆசிரியருக்குச் செலவே இல்லை.

இம்பாக்ட் ஃபாக்டரைப் பார்த்து மலைக்காதீர்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு அது. ஆய்வாளர்கள் குறைவாக உள்ள துறையில் அந்த எண்ணும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் கட்டுரையின் தரத்தை அது சொல்லாது.

கட்டுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலும் இந்த நோய் இருக்கிறது என்பது மட்டும் இன்று போதாது. தமிழகத்தில் இருப்பது தெரிந்த செய்தி. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் கூடுதல் என்று அது காட்டியது. பெரிய மருத்துவமனைகள் சிகிச்சைக் கேள்விக்கு விடை தேடுகின்றன. அங்குள்ளவர்களால் பார்க்க முடியாதது உங்களிடம் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் நோயாளிகள் வந்தார்கள்? அதற்குள் எத்தனை இடங்களுக்குப் போனார்கள்? டாக்ஸிசைக்ளின் எப்போது கிடைத்தது? சிகரெட்டால் சுட்டது போன்ற அந்தக் கறுத்த புண் உடலில் எங்கே இருந்தது, முதலில் பார்த்தவர் அதைத் தேடினாரா? ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கு உதவப்போவது இந்த விடைகள்தான்.

நோயை எந்தச் சோதனையால் உறுதிசெய்தீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வைல்-ஃபெலிக்ஸ் மட்டும் செய்திருந்தால் மதிப்பீட்டாளர் நிச்சயம் கேள்வி எழுப்புவார். அது பல நோயாளிகளைத் தவறவிடும் சோதனை. ஐ.ஜி.எம். எலைசா என்றால் எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று வைத்தீர்கள், அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் வேண்டும். ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு ஒருமுறை திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். திரும்பி வந்தால் மனம் உடையாதீர்கள். கருத்துரையோடு வந்திருந்தால் திருத்திவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இந்த நோயைப் பற்றி முன்பு வந்த கட்டுரைகளைப் படிக்க ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியிலிருந்து அரசுக் கல்லூரிகளுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் நூலகரைக் கேளுங்கள்.

நம்மைப் போன்றவர்களின் கட்டுரையைப் பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. மாத்திரைகளோடு வீட்டிலேயே இருந்தவர்கள், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைந்தார்கள். அவர்களோடு வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் அது வெளிவந்த பிறகு, காசநோய்ச் சிகிச்சை உலகெங்கும் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது. முறையாகச் செய்து, எண்களை ஒளிக்காமல் எழுதி, சரியான வாசகர் இருக்கும் இதழில் வெளியிட்டார்கள்.

அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இருவரிடம் கட்டுரையைக் கொடுத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் நல்ல இதழுக்கே அனுப்புங்கள்.